தெருவுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஒரு வீடு

சென்னை மாநகரில் 2018இல் எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்கள் 60 ஆயிரத்துக்குள் இருந்தன. 2024இல் அந்த எண்ணிக்கை சுமார் 1.8 லட்சத்தைத் தொட்டது. நாடு முழுவதும் 1.53 கோடி தெருநாய்கள் இருப்பதாக 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு சொன்னது. இந்த எண்களை வைத்து நடக்கும் விவாதங்களில் இரண்டு வழிகள்தான் பேசப்படுகின்றன. ஒன்று கருத்தடை, மற்றொன்று காப்பகம். இவை இரண்டுக்கும் வெளியே, யாருடைய திட்ட அறிக்கையிலும் இடம்பெறாமல் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. சொறி பிடித்து முடி கொட்டி, விலா எலும்புகளை எண்ணிவிடலாம் என்ற நிலையில் கிடக்கும் ஒரு நாயை யாரோ ஒருவர் தம் வீட்டு மாடி அறைக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய்ச் சில வாரங்கள் வைத்துத் தேற்றுகிறார். இதை ‘ஃபாஸ்டர்’ என்கிறார்கள். நாயைத் தத்தெடுப்பது வேறு, இது வேறு. நாய் உடல் தேறி அடுத்த இடத்துக்குப் போகும்வரை மட்டுமே அந்த வீடு.

இந்த வேலையைப் பாசத்தின் பெயரால் மட்டும் பேசுவது போதாது என்பது என் கருத்து. பாசம் நாயைத் தெருவிலிருந்து தூக்கிவந்துவிடும். பிறகு அதைப் பிழைக்கவைப்பது அளவும் ஒழுங்கும் காத்திருத்தலும். நம் ஊரில் மீட்கப்படும் நாய்களில் சில நோயால் அல்லாமல் அவசரத்தால் சாகின்றன. அதனால்தான் இந்தக் கேள்வியை மருத்துவம், உணவு, மனம், சட்டம் என எல்லாப் பக்கங்களிலிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், இத்தனை நாய்கள் இந்த நிலைக்கு வருவது ஏன்? கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழாவது மாதம்வரை உயிரோடிருந்தவை 19 சதவீதம் மட்டுமே. இறந்தவற்றில் 63 சதவீதத்துக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ மனிதர்கள் காரணம். வண்டியில் அடிபட்டவை, விஷம் வைக்கப்பட்டவை, எடுத்துச் செல்லப்பட்டவை எல்லாம் இதில் சேர்த்தி. தெருவில் நாம் பார்க்கும் வளர்ந்த நாய் ஒவ்வொன்றும் ஐந்தில் நான்கு மடிந்த கூட்டத்தில் எஞ்சிய ஒன்று என்று கொள்ளலாம். அதுவும் ஒரு விபத்தோ, ஒரு பிரசவமோ, எல்லையில் நடந்த ஒரு சண்டையோ வந்தால் சில வாரங்களில் எலும்பும் தோலுமாகிவிடுகிறது.

இப்படிப்பட்ட நாயைக் காப்பகத்தில் விட்டுவிடலாமே என்பது இயல்பாக எழும் எண்ணம். விலங்கு நலப் பணியில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வருவதற்குக் காரணமாக இருந்தது, மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா. அந்தச் சட்டத்தின் கீழ் 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. பல பத்தாண்டுகள் அந்த வாரியம் சென்னையிலிருந்துதான் இயங்கியது. 1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, நாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து விடலாம் என்று 1960களிலேயே சொன்னது. மாநகராட்சி அதை ஏற்றது 1996இல்தான். அதுவரை பிடிபட்ட நாய்கள் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டன. அந்த நிலையிலிருந்து இங்கே வந்து சேர்ந்திருப்பது சிறிய தூரமில்லை. ஆனாலும் நலிந்த நாய்க்கு, அதிலும் குட்டிக்கு, நெரிசலான காப்பகம் ஆபத்தான இடம். நல்லெண்ணம் குறைவதால் அல்ல, கிருமிகளால். 1978இல் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். டிஸ்டெம்பர் என்ற மற்றொரு வைரஸ் நோய் மூச்சுக்காற்றின் வழியே பரவும். எதிர்ப்புச் சக்தி அற்றுப்போன நாயை நூறு நாய்களுக்கு நடுவே வைத்தால், வந்த நோய் ஆறுவதற்குள் புதிய நோய் வந்துவிடும்.

கிருமிகளைத் தவிர, ஓயாத இரைச்சலும் நாயை வாட்டும். அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களின் நாய்களைச் சில இரவுகள் வீடுகளில் தங்கவைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. வீட்டில் இருந்த நாட்களில் நாய்களின் சிறுநீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. இடையில் விழிக்காமல் நெடுநேரம் ஓய்வெடுத்ததும் அந்த நாட்களில்தான். காப்பகத்துக்குத் திரும்பியதும் கார்டிசால் பழைய அளவுக்கே ஏறிவிட்டது. உடல் தேற உறக்கம் வேண்டும். ஃபாஸ்டர் வீடு கொடுக்கும் முதல் மருந்து அதுதான்.

இனி நாய் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பவை. எல்லாவற்றிலும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது சாப்பாடு. பட்டினி கிடந்த நாய் வந்ததும் தட்டு நிறையச் சோறும் கறியும் வைப்பது நம் வழக்கம். அது ஆவலோடு சாப்பிடுவதைப் பார்க்க மனம் நிறையும். இரண்டு மூன்று நாளில் அது தள்ளாடி விழுந்து இறந்தால், ‘ரொம்ப முடியாமல் இருந்தது, பிழைக்கவில்லை’ என்று சொல்லிவிடுகிறோம். நெடுநாள் பட்டினியில் உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்தே ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறைய மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் பெருகி, இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அவை சரிந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், மூச்சு திணறும், வலிப்பு வரும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீண்ட கைதிகள் பலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்தார்கள். அப்போதுதான் மருத்துவ உலகம் இதைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கியது. ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர்.

எனவே கணக்குப் போட்டுத்தான் ஊட்ட வேண்டும். 10 கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்குச் சுமார் 400 கிலோகலோரி வேண்டும். கடும் பட்டினியில் வந்த நாய்க்கு முதல் நாள் அதில் கால் பங்கு போதும், அதாவது 100. ஓர் அவித்த முட்டையும் கொஞ்சம் வேகவைத்த கோழி இறைச்சியும் சேர்ந்தால் இந்த அளவு வந்துவிடும். அதையும் நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிறகு படிப்படியாக ஏற்றி, ஒரு வாரம் முதல் பத்து நாளில் முழு அளவுக்கு வரலாம். தொடக்கத்தில் சோற்றைக் குறைத்துப் புரதமும் கொழுப்பும் உள்ளதைக் கொடுப்பது நல்லது. பி1 வைட்டமினும் இரத்தப் பரிசோதனையும் எப்போது தேவை என்பதை மருத்துவர் சொல்வார். பசியோடு அது நம்மைப் பார்க்கும் பார்வையைத் தாங்கிக்கொண்டு அளவாகக் கொடுப்பது கடினம். இந்த வேலை முழுவதிலும் இதைவிடக் கடினமான வேறொன்று இல்லை என்றே நினைக்கிறேன்.

பாலும் பிஸ்கட்டும் பற்றி ஒரு சொல். தெருவில் கொடுக்க எளிது என்பதால் அது நம் பழக்கமாகிவிட்டது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கில் முடியும். தாயில்லாக் குட்டிக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து ஊட்டுவது இன்னும் மோசம். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தண்ணீர் கலந்த பாலைக் குடிக்கும் குட்டி, வயிறு நிறைந்தபடியே பட்டினி கிடக்கிறது.

அடுத்தது தோல். ‘சொறிநாய்’ என்று நாம் ஒதுக்குவதற்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு வகைச் சொறிப்பூச்சிகள் இருக்கின்றன. சார்கோப்டிஸ் என்பது தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். காது விளிம்பிலும் முழங்கையிலும் தொடங்கும், தாங்க முடியாத அரிப்பு, மற்ற நாய்க்கும் தொற்றும். மனிதர் கையிலும் கொஞ்ச நாள் அரிக்கும். ஆனால் நம் உடலில் அதனால் பெருக முடியாது, நாய் குணமானால் நமக்கும் போய்விடும். இரண்டாவது டெமோடெக்ஸ். பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. எல்லா நாயிடமும் கொஞ்சம் இருக்கும், எதிர்ப்புச் சக்தி விழும்போதுதான் பெருகும். இரண்டையும் பிரித்தறியத் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து ஊசி போடுவது சரியான வழியல்ல.

வண்டிக் கழிவு ஆயிலைத் தடவுவது இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. நல்லது செய்வதாக நினைத்தே செய்கிறார்கள். அந்த ஆயில் புண்ணாகிக் கிடக்கும் தோலைப் பொசுக்கும், நாய் நக்கும்போது வயிற்றுக்குள் போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கந்தகத்துக்குச் சொறிப்பூச்சியைக் கொல்லும் குணம் உண்டு, அதைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசிய பழைய கைவைத்தியத்தில் உண்மை இருந்தது. இன்று மாட்டுக்கான ஐவர்மெக்டினைத் தோராயமாக ஏற்றிவிடுகிறார்கள். குட்டிகளுக்கும் இதயப்புழு உள்ள நாய்களுக்கும் அது உயிருக்கே உலை வைக்கும். 2013, 2014 ஆண்டுகளில் வந்த அஃபாக்சலானர், ஃப்ளூரலானர் மாத்திரைகள் இந்தச் சிகிச்சையை வெகுவாக எளிதாக்கியிருக்கின்றன. வலிப்பு நோய் உள்ள நாய்க்கு மட்டும் அவற்றில் எச்சரிக்கை தேவை. எந்த மருந்தானாலும் முடி திரும்ப முளைக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும். அந்தக் காலம்தான் ஃபாஸ்டரின் காலம்.

உண்ணியை வெறும் பூச்சி என்று விட்டுவிடக் கூடாது. பழுப்பு நாயுண்ணி எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகளைச் சுமந்து வருகிறது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, ஈறு வெளிறிவிட்டது, மூக்கில் இரத்தம் கசிகிறது என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் 28 நாள் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாளே நாய் துள்ளி ஓடத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்தினால் கிருமி உள்ளேயே பதுங்கிவிடும். தெருவில் இருக்கும் நாய்க்கு 28 நாள் தவறாமல் மாத்திரை கொடுப்பது அநேகமாக முடியாத காரியம். ஒரு வீட்டில் அது முடியும்.

அதே காரணத்தால் வீடு தேவைப்படும் இன்னொரு நோய், பிறப்புறுப்பில் வரும் தொற்றுக் கட்டி. இரத்தம் சொட்டுவதைப் பருவத்தில் இருக்கிறது என்று பலரும் தவறாக எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது புற்றுநோய். இனச்சேர்க்கையின்போது புற்றுச் செல்லே ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் உடலில் தோன்றிய செல்களின் வழிவந்தவையே இன்று உலகமெங்கும் இருப்பவை என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பார்க்கக் கோரமாக இருந்தாலும், வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசியாக நான்கு முதல் ஆறு வாரம் போட்டால் பெரும்பாலான நாய்கள் முழுக்கக் குணமாகின்றன. இவ்வளவு நன்றாகக் குணமாகக்கூடிய ஒரு நோய்க்காக நாய்களை விரட்டுவதும் கைவிடுவதும் வேதனை தருகிறது. ஊசி போட்ட சில நாட்களுக்கு அதன் கழிவைக் கையுறை அணிந்தே அகற்ற வேண்டும்.

புழு வைத்த புண்ணுக்கு முதலுதவி உண்டு, ஆனால் உள்ளே எவ்வளவு ஆழம் என்பது மருத்துவர் முடியை மழித்துப் பார்த்தால்தான் தெரியும். வலிக்கு என்று மனிதர்களுக்கான பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் எதையும் கொடுக்கவே கூடாது.

ரேபிஸ் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமையில்லை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59 ஆயிரம் பேர் ரேபிஸால் இறக்கிறார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். கடித்த நாய்க்கு அறிகுறி தெரியுமுன்பே அதன் எச்சிலில் வைரஸ் வந்துவிடும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது அதனால்தான். நாய்க்கு இன்று தடுப்பூசி போட்டாலும், நேற்றே அதன் உடலுக்குள் புகுந்துவிட்ட வைரஸை அந்த ஊசி தடுக்கும் என்று நம்ப முடியாது. நோய் வெளிப்பட வாரங்களோ மாதங்களோ ஆகலாம். ஆகவே ஃபாஸ்டர் செய்ய முடிவெடுப்பவர்கள் நாயைத் தொடுவதற்கு முன்பே தாங்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். 0, 7, 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று ஊசிகள். அதன்பின் கடி பட்டால் இரண்டு ஊசிகளே போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. சிறு கீறலானாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில், எங்கிருந்து வந்தது, யாரைக் கடித்தது என்று எதுவும் தெரியாத நாயை முதலில் கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மனம் தேறுவது வேறு கணக்கில் நடக்கும். முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் நம்பிக்கை என்று மீட்பாளர்கள் சொல்வதுண்டு. இது அனுபவத்தில் வந்த உத்தேசம், எல்லா நாய்க்கும் பொருந்தாது. கட்டிலடியில் போய்ப் பதுங்கும் நாயை இழுத்து மடியில் வைத்துக்கொள்வதால் பயன் இல்லை. முகத்துக்கு நேரே பார்க்காமல், பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சாப்பாடு வைத்தால் அதுவே வரும். முன்பு சொன்ன கொல்கத்தா நிறுவனத்தின் மற்றோர் ஆய்வு 2017இல் வந்தது. ஒரு புதிய மனிதர் மீண்டும் மீண்டும் வரும்போது, உணவு கொடுத்ததைவிடத் தலையைத் தடவிக் கொடுத்ததே தெருநாய்களிடம் அதிக நம்பிக்கையை உண்டாக்கியது. வந்த புதிதில் கதவு திறந்திருந்தால் ஓடிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடிய நாய்கள் ஏராளம், மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் பாதுகாப்பானது. தீபாவளி நேரத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

தேறிய பிறகு எங்கே? ஃபாஸ்டர் செய்பவர்களிடையே கடும் கருத்துவேறுபாடு இருப்பது இதில்தான். ஒரு தடவை வீட்டைப் பார்த்த நாயைத் தெருவில் விடுவது துரோகம் என்கிறார்கள் சிலர். அந்த உணர்வு எனக்குப் புரிகிறது, ஆனால் முழுக்க ஏற்க முடியவில்லை. வளர்ந்த நாய்க்குத் தன் தெரு, தன் கூட்டம், தினமும் சோறு வைக்கும் ஓர் அம்மா என்று ஓர் உலகம் இருக்கிறது. ஒன்றிரண்டு மாதத்துக்குள் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அங்கேயே கொண்டுவிட்டால் அது பெரும்பாலும் பொருந்திக்கொள்ளும். விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், 2001இல் வந்ததும் சரி, அதற்குப் பதிலாக 2023இல் வந்ததும் சரி, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. மாறாக, குட்டியாக வந்து வீட்டுக்குள் வளர்ந்ததையும், கால் இழந்ததையும், கண் போனதையும் தெருவில் விடக் கூடாது. அவற்றுக்குத் தத்து வீடு தேட வேண்டும். இந்த முடிவை நாய் வந்த அன்றே எடுத்துவிடுவது நல்லது. அப்படி எடுக்காதவர்களின் வீடுதான் ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, மனிதரும் நாய்களும் சேர்ந்து நலியும் இடமாகிறது. டிஸ்டெம்பர் மூளையைத் தாக்கி ஓயாத வலிப்பில் கிடக்கும் நாய்க்கு வலியில்லாத மரணத்தை மருத்துவர் பரிந்துரைத்தால் அதை ஏற்பதும் பராமரிப்பின் பகுதியே.

சட்டம் இந்த வேலையை இன்னும் அடையாளம் காணவில்லை. டெல்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கும்படி 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, ரேபிஸ் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் அதே இடத்தில் விடச் சொன்னது. விரும்புவோர் மாநகராட்சியில் விண்ணப்பித்து நாயைத் தத்தெடுக்கலாம், ஆனால் அது மீண்டும் தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. நவம்பர் 7 உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிபடும் நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. ஆக, தெரு, காப்பகம், உரிமையாளர் ஆகிய மூன்று இடங்கள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆறு வாரம் வைத்திருந்து தேற்றித் தருபவருக்கு இதில் இடமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் அண்டை வீட்டாரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது, மருந்துக்குக் கைக்காசு போட வேண்டியிருக்கிறது.

மாநகராட்சிகளால் இதைச் சரிசெய்ய முடியும். ஃபாஸ்டர் வீடுகளைப் பதிவு செய்து ஓர் அடையாளச் சீட்டு கொடுங்கள். 1903 முதல் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கி ஊர்க் கால்நடை மருந்தகம்வரை, அந்தச் சீட்டைக் காட்டினால் இரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்று ஆக்குங்கள். வீட்டில் வைத்திருப்பவருக்கு ரேபிஸ் முன்தடுப்பூசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுங்கள். புதிய காப்பகம் கட்டுவதற்கு ஆகும் செலவில் இது சிறு பகுதிதான் இருக்கும்.

வாசகரே, உங்கள் தெருவிலும் அப்படி ஒரு நாய் கிடக்கக்கூடும். ஒரு தனி அறையும், பக்கத்தில் ஒரு கால்நடை மருத்துவரும், ஒன்றிரண்டு மாதம் ஒரே நேரத்தில் மாத்திரை கொடுக்கும் உறுதியும் உங்களிடம் இருந்தால் அதை எடுத்து வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்று போதும். முதலில் உங்கள் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.